கியூபா டாக்டர்களை வரவழைத்த நாடுகளில் கடைசியில் மிஞ்சியது என்ன?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படிக்கிறேன். வளரும் நாடுகள் தங்களுக்குள்ளேயே கைகொடுத்து டாக்டர், நர்ஸ் பற்றாக்குறையைத் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று வகுப்பில் ஒரு விவாதம் வருகிறது. முடியும் என்ற பக்கம் பேச எனக்கு வாய்த்திருக்கிறது, ஆனால் படிக்கப் படிக்க எனக்கே சந்தேகம் வலுக்கிறது.

2030-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு கோடி சுகாதாரப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள், அதில் பெரும்பகுதி ஏழை நாடுகளில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் வளைகுடாவும் ஆட்களை இழுத்துக்கொள்வது தெரிந்த கதை. அதற்கு மாற்று என்று எல்லாப் பாடப்புத்தகமும் கியூபாவைக் காட்டுகிறது. சரி என்று கென்யாவை எடுத்துப் பார்த்தேன். 2018-இல் நூறு கியூபா டாக்டர்கள் வந்தார்கள், மாவட்டத்துக்குச் சிலராகப் பிரித்து அனுப்பினார்கள். 2019 ஏப்ரலில் சோமாலிய எல்லையை ஒட்டிய மண்டேராவில் இரண்டு பேரை ஆயுதக் கும்பல் கடத்திக்கொண்டு போய்விட்டது. உள்ளூரில் படித்து முடித்த டாக்டர்கள் வேலையில்லாமல் நிற்க, வெளியாளுக்கு எங்களைவிட அதிகச் சம்பளமா என்று அங்கிருந்த டாக்டர் சங்கம் முதல் நாளிலிருந்தே எதிர்த்தது. 2023 அக்டோபரில் அரசே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு என்ன மிஞ்சியது என்று தேடினால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இப்படி ஆட்களை அனுப்புவது உண்மையிலேயே எங்காவது பலன் தந்திருக்கிறதா, இல்லை இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள மட்டும்தானா? அங்கங்கே இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

கரிசல்மண்:

கென்யாவை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், நூறு பேர் என்பது அந்த நாட்டுக்குச் சின்ன எண்ணிக்கை. பிரேசிலைப் படியுங்கள். இந்த ஏற்பாடு மிகப் பெரிய அளவில் நடந்ததும் அங்கேதான், ஒரே மாதத்தில் உடைந்ததும் அங்கேதான்.

2013-இல் தில்மா ரூசெஃப் அரசு 'மாயிஸ் மெடிகோஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது, 'கூடுதல் டாக்டர்கள்' என்று பொருள். அமேசான் ஓரத்து ஊர்கள், வடகிழக்கின் வறண்ட மாவட்டங்கள், பழங்குடிப் பகுதிகள், பெருநகரங்களின் சேரிகள், இங்கெல்லாம் டாக்டர்கள் போகவே மாட்டேன் என்றார்கள். முதலில் பிரேசில் டாக்டர்களைத்தான் கூப்பிட்டார்கள், அதற்கப்புறம் வெளிநாட்டில் படித்த பிரேசில்காரர்கள், அப்புறம் மற்ற நாட்டவர், அதற்கும் பிறகு எவரும் எடுக்காத இடங்களுக்குத்தான் கியூபாக்காரர்கள். இதைக் கவனியுங்கள், உள்ளூர்க்காரன் வேலையைப் பறித்தார்கள் என்ற பேச்சுக்கு இடமே இல்லாதபடி வரிசை வைத்திருந்தார்கள். அப்படியும் 2013 ஆகஸ்டில் ஃபோர்த்தலேசா நகரில் முதல் நாள் பயிற்சி முடித்து வெளியே வந்த கியூபா டாக்டர்களை உள்ளூர் டாக்டர்கள் கூட்டமாக நின்று ஊளையிட்டு, 'அடிமைகள்' என்று கத்தி அவமானப்படுத்தினார்கள். அதில் ஒரு கறுப்பின டாக்டர் தலை குனியாமல் நடந்துபோகும் படம் நாடு முழுக்கச் சுற்றியது.

ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட இருபதாயிரம் கியூபாக்காரர்கள் வந்துபோனார்கள், உச்சத்தில் ஒரே நேரத்தில் பதினோராயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். எழுநூறுக்கு மேற்பட்ட நகராட்சிகளுக்கு வரலாற்றிலேயே முதல் டாக்டர் இவர்கள்தான் என்று கியூபா சொல்கிறது. ஆனால் பணம் போன வழியைப் பாருங்கள். பிரேசில் அரசு, அமெரிக்கக் கண்டங்களுக்கான சுகாதார அமைப்பிடம் கொடுக்கும், அது கியூபா அரசிடம் கொடுக்கும், டாக்டர் கைக்கு வந்தது நாலில் ஒரு பங்கு அளவுதான். அதே திட்டத்தில் பக்கத்து ஊரில் இருந்த அர்ஜென்டினா டாக்டர் முழுப் பணத்தையும் வாங்கினார். கியூபாக்காரர் பாதியில் விலகினால் எட்டு வருடம் சொந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. இதைக் கட்டாய உழைப்பு என்றே மனித உரிமை அமைப்புகள் எழுதியிருக்கின்றன, எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நல்ல வேலை செய்தார்கள் என்பதும் உண்மை, அவர்களிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை.

2018-இல் பொல்சொனாரோ அதிபர் தேர்தலில் ஜெயித்தார். தகுதித் தேர்வு எழுது, முழுச் சம்பளத்தை நேரடியாக வாங்கு, குடும்பத்தைக் கூட்டிவா என்று நிபந்தனை போட்டார். நவம்பர் 14 அன்று கியூபா அத்தனை பேரையும் திரும்ப அழைத்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலி. பிரேசில் டாக்டர்கள் அவசரமாக விண்ணப்பித்தார்கள், செய்தித்தாளில் எல்லாம் நிரம்பிவிட்டது என்று வந்தது, அடுத்த சில மாதங்களிலேயே ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதிகம் பாதிக்கப்பட்டது பழங்குடிப் பகுதிகள், அங்கே இருந்த டாக்டர்களில் பாதிக்கு மேல் கியூபாக்காரர்களாக இருந்தார்கள்.

என்ன மிஞ்சியது என்று கேட்டீர்கள் அல்லவா? அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பாதி இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 11,500 புதிய மருத்துவப் படிப்பு இடங்கள், அதையும் நகரத்தை விட்டு உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதில் நிறைய தனியார் கல்லூரிகளுக்குப் போய்விட்டது, அது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் 2023-இல் லூலா மறுபடி அதிபராகித் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது பெரும்பாலான இடங்களை பிரேசில்காரர்களைக் கொண்டே நிரப்ப முடிந்தது. வந்தவர்கள் இருந்த காலத்தை உள்ளூர் ஆளைத் தயார்செய்ய எவ்வளவு பயன்படுத்திக்கொண்டோம் என்பதுதான் கணக்கு.

---

மலைப்பாதை:

கரிசல்மண் அண்ணன் கடைசியில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிழக்குத் திமோர். நான் சில வருடங்கள் அங்கே குடிநீர்த் திட்டங்களில் வேலை செய்தேன், மலைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்குக் குழாய் இழுப்பது எங்கள் பொறுப்பில் இருந்தது, அதனால் நேரில் பார்த்ததையே எழுதுகிறேன்.

1999 வன்முறையில் கட்டடங்கள் எரிந்தன, அதுவரை இருந்த டாக்டர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், அவர்கள் போய்விட்டார்கள். 2002-இல் சுதந்திரம் வந்தபோது பத்து லட்சம் பேருக்குச் சற்றே குறைவான ஒரு நாட்டுக்கு ஐம்பது டாக்டர்கள்கூட இல்லை. 2003-இல் கோலாலம்பூரில் அணிசேரா நாடுகள் மாநாட்டில் இரு நாட்டுத் தலைவர்களும் பேசினார்கள், 2004-இல் முதல் கியூபா டாக்டர்கள் வந்தார்கள், சில வருடங்களில் முந்நூறு பேர் வரை ஆனார்கள். அதோடு நின்றிருந்தால் இதுவும் கென்யாதான். கியூபா ஆயிரம் பேருக்கு மருத்துவப் படிப்பு தருகிறேன் என்றது. ஆயிரம்! அந்த நாட்டின் அளவுக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று யோசியுங்கள். கிராமம் கிராமமாகத் தேடி எடுத்த பிள்ளைகள், விமானத்தையே பார்த்திராதவர்கள், கியூபா போய் முதலில் ஸ்பானிஷ் கற்று அப்புறம் மருத்துவம் படித்தார்கள். இன்னொரு பக்கம் 2005-இலேயே தலைநகர் திலியில் மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டார்கள், பாடம் எடுத்தவர்கள் கியூபாக்காரர்கள். மாவட்டத்தில் கியூபா டாக்டர் நோயாளி பார்க்கும்போது மாணவர்கள் கூடவே உட்கார்ந்து கற்றார்கள். 2010 தொடங்கி நூற்றுக்கணக்கில் டாக்டர்கள் வெளிவந்தார்கள். இன்று அங்கே ஆயிரம் பேருக்கு எத்தனை டாக்டர் என்ற கணக்கில் அக்கம்பக்கத்துப் பெரிய நாடுகளோடு ஒப்பிடலாம் என்ற நிலை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கதை. ஐனாரோ பக்கம் ஒரு சுகாதார நிலையம், தகரக் கூரை, இரண்டு அறை. டாக்டர் இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண், அதே மாவட்டத்துக்காரி, கியூபாவில் படித்துவிட்டு வந்தவர். கூட ஒரு நர்ஸ், ஒரு மருத்துவச்சி. தடுப்பூசி வைக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி இருந்தது, கை கழுவத் தண்ணீர் இல்லை. பிரசவத்துக்கு வரும் குடும்பம் கீழே ஊற்றிலிருந்து மஞ்சள் கேனில் தண்ணீர் சுமந்துகொண்டு வர வேண்டும், அதை ஒரு மக்கால் மொண்டு நர்ஸ் ஊற்ற, அந்த டாக்டர் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போவார். மழைக்காலத்தில் பாதை அறுந்துவிடும், ஆம்புலன்ஸ் வராது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தால் அவரால் செய்ய முடிவது அந்தத் தாயை ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே வருவது ஒன்றுதான். ஆறு வருடம் படித்த டாக்டர், ரத்த அழுத்தக் கருவி, பதிவேடு, கொஞ்சம் மாத்திரை.

அதே பெண் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். 2015-இல் அரசு குடும்ப நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, ஒவ்வொரு வீட்டிலும் யாருக்குக் காசநோய், யார் கர்ப்பம், எந்தக் குழந்தை எடை குறைவு என்று பதிந்து, மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பது. நடக்க முடியாமல் படுத்துக் கிடந்த ஒரு கிழவர் வாசலில் அவர் குந்தி உட்கார்ந்து பேசியதை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த எந்த டாக்டரும் அப்படி ஒரு பேச்சுப் பேசியிருக்க முடியாது, அவர் யார் மகள் என்று அந்தக் கிழவருக்குத் தெரியும். எனக்கு அதுதான் பலன். அறுவைச் சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் ஆள் இல்லாதது தனிப் பிரச்சினை, அதைக் கியூபா தீர்க்கவில்லை.

---

தெக்கத்தி நர்ஸ்:

டாக்டர், டாக்டர் என்றே பேசுகிறீர்கள், நர்ஸையும் கொஞ்சம் நினையுங்கள். நான் கன்னியாகுமரி மாவட்டம், மாலத்தீவில் ஒரு பவளத்தீவின் சுகாதார மையத்தில் இருந்தேன். அந்த நாட்டில் ஆள் வசிக்கும் தீவே இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொன்றிலும் சுகாதார மையம் வைத்திருக்கிறார்கள், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அதை ஓட்டுவது பெரும்பாலும் இந்திய டாக்டர்களும் நர்ஸ்களும். நம் பக்கத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை எந்த மாநாட்டிலும் யாரும் ஒத்துழைப்பு என்று எண்ணுவதில்லை, ஏனென்றால் இது ஏஜென்ட் வழியாக நடக்கிறது.

ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே போய்க் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது ஒன்று. மேல் அதிகாரியிடம் சொன்னால், விருப்பமில்லை என்றால் திரும்பிப் போ என்பார்கள், கட்டின பணத்துக்கு வீட்டில் நகை அடகில் இருக்கும்போது எப்படித் திரும்புவது? ராத்திரியில் பிரசவம் சிக்கலானால் வேகப் படகில் ஏற்றிப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அலை அடிக்கிற நேரத்தில் ஒரு கையால் ட்ரிப் பாட்டிலையும் இன்னொரு கையால் அந்தப் பெண்ணையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். திவேஹி பேச்சு தெரியாமல் முதல் சில மாதம் நோயாளிக்கு எங்கே வலி என்பதே சரியாகப் புரியாது, சுத்தம் செய்ய வரும் அக்காதான் எங்களுக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று சொல்வார். அந்த அக்காவின் மகளை நர்ஸிங் படிக்க வைத்திருந்தால் எங்களைவிட நல்ல நர்ஸாக இருந்திருப்பாள், இது நான் மனசாரச் சொல்வது.

அப்புறம் கானா, பார்படாஸ் கதையையும் பாருங்கள் வைகைக்கரை. 2020 ஜூலை கடைசியில் கானா அரசு 95 நர்ஸ்களை பார்படாஸுக்கு அனுப்பியது. பார்படாஸ் நர்ஸ்கள் இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள், அந்த ஓட்டையை அடைக்கக் கானாவிலிருந்து. கானாவிலோ படித்து முடித்த நர்ஸ்கள் அரசு வேலை வரும் வரும் என்று வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் போட அரசிடம் பணம் இல்லை. ஆக வார்டில் ஆள் பற்றவில்லை, ஆளும் வேலையில்லாமல் இருக்கிறாள், இரண்டும் ஒரே ஊரில். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட, இங்கிருந்து வலிந்து ஆள் எடுக்காதீர்கள் என்ற 55 நாடுகளின் பட்டியலில் கானாவும் உண்டு. அந்தப் பட்டியலைச் சொல்லி அந்தப் பெண்களை வீட்டிலேயே உட்காரச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. போகட்டும், ஆனால் அரசும் அரசும் பேசி, தாளில் எழுதி, முதுகுக்குப் பின்னால் யாரும் கமிஷன் அடிக்காமல் போகட்டும்.

---

வைகைக்கரை:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் இன்னும் இடிக்கிறது. மலைப்பாதை அண்ணா சொன்னபடி பார்த்தால் ஆயிரம் பேரைப் படிக்க வைக்க கியூபா மாதிரி ஒரு நாடு வேண்டும். கியூபாவிலேயே இப்போது டாக்டர் தட்டுப்பாடு, அங்கிருந்தும் ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். கியூபா இல்லாமல் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா? தெக்கத்தி அக்கா, ஒப்பந்தம் எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

---

நூலும் ஊசியும்:

செய்திருக்கிறார்கள் தம்பி. நான் அரசு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன், ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கருத்தரங்குக்கு வந்த டாக்டர்களிடம் பேசிய பிறகு இதைத் தொடர்ந்து படித்துவருகிறேன்.

கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்காவுக்கான அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி, சுருக்கமாக கோசெக்சா. 1999-இல் தொடங்கினார்கள், தலைமையகம் தான்சானியாவின் அருஷாவில். கல்லூரி என்று பெயரே தவிர வகுப்புக் கட்டடம் கிடையாது. எத்தியோப்பியா, கென்யா, ஜாம்பியா, மலாவி, ருவாண்டா என்று பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து, எந்தெந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி தரலாம் என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்கின்றன. இளம் டாக்டர் தன் நாட்டு ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டே மூத்த சர்ஜனிடம் கற்கிறார், சம்பளமும் அங்கேயே. தேர்வு மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது, தேர்வாளர்கள் வேறு நாட்டிலிருந்து வருவார்கள், அதனால் சிபாரிசு எடுபடாது. அயர்லாந்தின் அறுவைச் சிகிச்சைக் கல்லூரி 2007 முதல் உதவுகிறது, ஆனால் பாடத்திட்டமும் முடிவும் இவர்களுடையவை.

இதில் எனக்கு மிகப் பிடித்த எண் ஒன்று உண்டு. இப்படிப் பயிற்சி முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 85 பேர் பயிற்சி பெற்ற அதே நாட்டில், 93 பேர் ஆப்பிரிக்காவுக்குள். லண்டனுக்குப் போய் மேற்படிப்புப் படித்தவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யோசித்தால் இதன் அருமை புரியும். வருடக்கணக்கில் மலாவியில் மலாவி நோயாளியை, மலாவியில் கிடைக்கும் நூலையும் ஊசியையும் வைத்துத் தைத்துப் பழகியவனுக்கு அந்த வேலை அங்கேதான் ஓடும், குடும்பமும் அங்கேயே வேர்விட்டிருக்கும்.

இதற்கு முன்னோடி மொசாம்பிக். 1975-இல் விடுதலையானபோது போர்த்துகீசிய டாக்டர்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள், நாட்டில் மிஞ்சியது நூறு பேருக்கும் குறைவு. 1984-இல் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாத, அனுபவமுள்ள மருத்துவ உதவியாளர்களை எடுத்து மூன்று வருடம் அறுவைச் சிகிச்சை கற்றுக்கொடுத்தார்கள். சிசேரியன், குடல் அடைப்பு, எலும்பு முறிவு எல்லாம். எங்கள் துறையில் பலர் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் அந்நாட்டு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய பேறுகால அறுவைகளில் பத்தில் ஒன்பதை இவர்கள்தான் செய்தார்கள். டாக்டர்கள் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழு வருடம் கழித்துப் பார்த்தால் இவர்களில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் மாவட்டத்திலேயே இருந்தார்கள், அதே மாவட்டங்களுக்கு அனுப்பிய டாக்டர்களில் அநேகமாக யாருமே இல்லை. ஐனாரோவில் அந்தத் தாயைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியிருந்தது என்று மலைப்பாதை எழுதியிருக்கிறாரே, அங்கே இப்படி ஒருவர் தேவைப்பட்டார். இந்த அனுபவத்தைத் திமோருக்கு மொசாம்பிக்கே நேரடியாகக் கற்றுக்கொடுத்திருக்கலாம், இரண்டு நாட்டிலும் போர்த்துகீசியம் ஆட்சிமொழியாக இருக்கிறது.

நம் ஊரிலும் இதைக் காட்டலாம். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பெண்பிள்ளைகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்ணாடிப் பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, அறுவைக்கு ஆளைத் தயார்செய்வது எல்லாம் அவர்கள் வேலை. ஆபரேஷன் அறையில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் லென்ஸ் வைத்து முடிக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளி மருந்து போட்டு, துணி மூடி, கருவி அடுக்கித் தயார். சர்ஜன் நாற்காலியைத் திருப்ப வேண்டியதுதான். அதனால்தான் ஒருவரே ஆண்டுக்கு இரண்டாயிரம் கண்புரை அறுவை செய்ய முடிகிறது. 1992-இலிருந்து இதைக் கற்றுக்கொடுக்கவே தனி நிறுவனம் வைத்திருக்கிறார்கள், ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குழுக்களாக வந்து கற்றுப்போகிறார்கள், மெக்சிகோ நகரில் 2011-இல் தொடங்கிய சலௌனோ என்ற கண் ஆஸ்பத்திரி இவர்களைப் பார்த்து உருவானதுதான். மதுரையிலிருந்து ஒரு கண் டாக்டரை மெக்சிகோவுக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது? வேலை செய்யும் முறை போயிற்று, அது அங்கேயே தங்கிவிட்டது.

---

கரிசல்மண்:

நூலும் ஊசியும் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. முறையை அனுப்பினால் போதும், ஆளை அனுப்ப வேண்டாம் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014-இல் சியரா லியோனில் எபோலா பரவியபோது கியூபா 165 டாக்டர், நர்ஸ்களை அனுப்பியது, லைபீரியா, கினியாவையும் சேர்த்தால் 256 பேர். அந்த நேரத்தில் பல பணக்கார நாடுகள் விமானத்தை நிறுத்திக்கொண்டிருந்தன. அவர்களில் ஒரு டாக்டருக்கே எபோலா வந்து ஜெனிவாவில் வைத்துக் காப்பாற்றினார்கள், குணமானதும் மறுபடி சியரா லியோனுக்கே போனார். நெருப்புப் பிடித்த வீட்டுக்குப் பயிற்சி வகுப்பு உதவாது. ஆள்தான் வேண்டும்.

இன்னொன்று, கலாம் ஐயா 2004-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது முன்வைத்த திட்டத்தையும் வகுப்பில் சொல்லுங்கள். செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளையும் இணைப்பது. 2009-இல் தொடங்கிவைத்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன, 2019-இல் இணைய வழிக்கு மாறி இரண்டாம் கட்டம் வந்தது. எக்ஸ்ரே படத்தை இங்கிருந்து பார்த்துக் கருத்துச் சொல்லலாம், நர்ஸுக்குத் தொடர் வகுப்பு எடுக்கலாம். ஊசி போட அங்கே ஒரு கை வேண்டுமே, அதை இது தராது. துணைக்கு நல்லது, அவ்வளவுதான்.

---

மலைப்பாதை:

ஐயா சொன்ன மொசாம்பிக் தகவலுக்கு நன்றி, இதை அங்கே இருந்தபோது ஒருவரும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

வைகைக்கரை, கியூபா இல்லாமல் யார் என்று கேட்டீர்கள், ஃபிஜியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாவில் 1880-களிலேயே தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1928-க்குப் பிறகு பசிபிக் தீவுகள் பலவற்றிலிருந்தும் பிள்ளைகளை எடுத்துப் படிக்க வைத்தது, இன்றும் வைக்கிறது. கரீபியனில் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம் 1948 முதல் அதே மாதிரி. ஒரு லட்சம் பேர் இருக்கும் தீவு தனக்கென்று மருத்துவக் கல்லூரி கட்ட முடியாது, நாலைந்து தீவு சேர்ந்தால் முடியும். திமோர் டாக்டர்கள் சிலர் இப்போது நிபுணர் படிப்புக்கு ஃபிஜிதான் போகிறார்கள்.

இன்னொரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். திமோரில் பின்னால் படித்து வந்த டாக்டர்கள் பலர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அரசு வருமானத்தில் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயுப் பணத்திலிருந்து வந்தது, பாயு உண்டான் வயலில் உற்பத்தி 2025-இல் நின்றுவிட்டது. சேமிப்பு நிதியை எடுத்துத்தான் சம்பளம். ஆயிரம் பேரைப் படிக்க அனுப்பியபோதே, இவர்களுக்குப் பத்து வருடம் கழித்து யார் சம்பளம் போடுவது, எந்த நிலையத்தில் உட்கார வைப்பது, அங்கே தண்ணீர் இருக்குமா என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். கானாவில் நர்ஸ்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் கென்யாவில் டாக்டர்கள் கோபப்பட்டதும் இதே காரணத்தால்தான். உங்கள் எதிரணியிடம் இது மாட்டினால் பிடித்துக்கொள்வார்கள், நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

---

தெக்கத்தி நர்ஸ்:

ஒப்பந்தத்தில் என்ன வேண்டும் என்று கேட்டாய் அல்லவா தம்பி, இதோ. தாள் எங்கள் சொந்த மொழியில், விமானம் ஏறும் முன் கைக்கு வர வேண்டும். போக ஒரு பைசா நாங்கள் கட்டக் கூடாது. சம்பளம் நேராக எங்கள் கணக்குக்கு, அரசு இடையில் நின்று பிடித்துக்கொள்ளும் கியூபா முறை வேண்டவே வேண்டாம். பாஸ்போர்ட் எங்கள் கையில். ஊரில் அரசு வேலையில் இருப்பவள் போனால் அவள் இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும், திரும்பி வந்தால் அந்த வருடங்களும் பணிக்காலமாகச் சேர வேண்டும். போகும் இடத்தின் பேச்சைக் கற்க இரண்டு மாதமாவது சம்பளத்தோடு நேரம்.

வந்த நர்ஸ் ஒவ்வொருத்திக்கும் கீழே உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது பயிற்சிக்கு வைக்க வேண்டும், அவர்கள் தேறினார்களா என்று வருடா வருடம் இரண்டு அரசும் பார்க்க வேண்டும். எங்கள் மையத்தில் சுத்தம் செய்த அக்காவின் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், ஊசி போடும்போதெல்லாம் கதவருகே வந்து நின்று பார்ப்பாள், கேள்வி கேட்பாள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசைதான், ஆனால் அதற்கு நேரமும் இல்லை, ஒப்பந்தத்தில் இடமும் இல்லை. இதை உன் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.